இருபதாவது நிமிஷத்தில் போன் என்ன செய்கிறது?

மே மாத மதியம். தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ சிமென்ட் ஷீட் போட்ட ஒரு மாடி அறை. ஃபேன் ஓடுகிறது, ஆனால் சூடான காற்றைத்தான் சுற்றிவிடுகிறது. அறைக்குள் 37 டிகிரி. நீங்கள் வாங்கப்போகும் போன் கேம் ஆடப்போவது இந்த அறையில்தான். அதே போனை யூடியூபில் ஆகா ஓகோ என்றவர் உட்கார்ந்திருந்த அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கேமுக்கு போன் வாங்குபவர் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது இந்த வித்தியாசத்தை. ரேம், மெகாபிக்சல், பின்பக்கத்தில் எரியும் கலர் லைட்டு எல்லாம் அப்புறம்.

கணக்கு எளிது. பெரும்பாலான போன்களுக்குள் ஃபேன் கிடையாது. சிப்பில் பிறக்கும் சூடு பின்பக்கம், ஓரச் சட்டம், திரை வழியாகத்தான் வெளிக்காற்றுக்குப் போக வேண்டும். அது எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை, போனின் மேல்பரப்புக்கும் அறைக் காற்றுக்கும் உள்ள வெப்ப இடைவெளி முடிவு செய்கிறது. கையில் பிடிக்க முடிகிற உச்சம் 45 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 டிகிரி அறையில் இடைவெளி 20. 37 டிகிரி அறையில் வெறும் 8. அதே போன், அதே கேம், ஆனால் வெளியேறும் சூடு பாதிகூட இல்லை. மிச்சச் சூட்டுக்குப் போக வழி இல்லாததால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. இதைத்தான் த்ராட்லிங் என்கிறார்கள்.

முதலில் திரை வெளிச்சம் தானாக மங்கும். பிறகு ஃப்ரேம், அதாவது நொடிக்கு மாறும் படங்களின் எண்ணிக்கை, விழும். சரியாக எதிரி முன்னால் வந்து நிற்கும்போது படம் திக்கும். நெட் சரியில்லை என்று கேபிள்காரரைத் திட்டுவதற்கு முன் கேம் காட்டும் பிங் எண்ணைப் பாருங்கள், செய்தி சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் மில்லி நொடி அது. அது பச்சையில், 40க்குள் இருக்கும்போதே படம் திக்கினால் காரணம் பெரும்பாலும் சூடு. பிங் எகிறி, ஆள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவினால் நெட்.

பாக்ஸிங் பார்த்து வளர்ந்த ஏரியா நம்முடையது. முதல் ரவுண்டில் சுழன்று சுழன்று குத்துபவனுக்கும் கடைசி ரவுண்டில் கையைத் தூக்கி நிற்பவனுக்கும் வித்தியாசம் தெரியும். வேகம் அளக்கும் அன்டுடு ஆப்பின் ஸ்கோர் இத்தனை லட்சம் என்று கடையில் காட்டும் எண் முதல் ரவுண்டு. நமக்கு வேண்டியது 3டிமார்க் ஆப்பில் உள்ள வைல்டு லைஃப் எக்ஸ்ட்ரீம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட். ஒரு நிமிஷ ஓட்டம், இருபது முறை, இடைவெளி இல்லாமல். முடிவில் இரண்டு எண்களைப் பாருங்கள்: சிறந்த ஓட்டத்தின் ஸ்கோர், மோசமான ஓட்டத்தின் ஸ்கோர். அவற்றின் விகிதத்தை ஸ்டெபிலிட்டி என்று சதவீதமாகவும் காட்டும். சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். பலவீனமான சிப் எப்போதும் 99 சதவீதம் காட்டும், சூடாக அதற்குத் தெம்பே இல்லை. 4,000த்தில் ஆரம்பித்து 2,000த்தில் முடிக்கும் போனைவிட 3,000த்தில் ஆரம்பித்து 2,800ல் முடிக்கும் போன் நல்ல போன். மோசமான ஓட்டத்தின் ஸ்கோர் எதில் அதிகமோ அதை எடுங்கள்.

ஷோரூமில் டெமோ போனில் இதை ஓட்ட விடமாட்டார்கள் என்றால் வீட்டிலேயே வீடியோ தேடுங்கள். அதே மாடல், குறைந்தது 30 நிமிஷ ஆட்டம், ஓரத்தில் ஃப்ரேம் மீட்டர், முடிவில் பேட்டரி வெப்பநிலை. அறை வெப்பத்தைச் சொல்லாத வீடியோவையும், போனின் முதுகில் கூலர் ஒட்டிக்கொண்டு ஆடும் வீடியோவையும் தள்ளிவிடுங்கள்.

சிப் பெயர்களில் உள்ள பொடி எழுத்துகள் பெரிய பேஜார். குவால்காம் கம்பெனியின் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1, 8+ ஜென் 1 இரண்டுக்கும் நடுவே ஒரு கூட்டல் குறிதான். ஆனால் முதலாவது சாம்சங் ஆலையில் அச்சானது, இரண்டாவது தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில். சூட்டிலும் பேட்டரி தின்பதிலும் இரண்டாவது தெளிவாக மேல். அதே மாதிரி 888 என்ற எண் 870ஐவிடப் பெரியது, ஆனால் நம் வெயிலில் நீண்ட நேரம் நிதானமாக ஓடுவது 870தான். 7+ ஜென் 2 கிட்டத்தட்ட 8+ ஜென் 1ன் தம்பி. 7எஸ் ஜென் 2 பல படி கீழே இருக்கும் வேறு சிப். பெட்டியில் 7 என்றும் ஜென் 2 என்றும் இருப்பதைப் பார்த்து இரண்டையும் ஒன்று என்று நினைத்து வாங்கியவர்கள் நிறைய. கடைக்காரர் ‘ஸ்னாப்டிராகன் 7 சீரிஸ் சார்’ என்றால் முழுப் பெயரையும் கேளுங்கள், எஸ் இருக்கிறதா, கூட்டல் இருக்கிறதா என்று.

நடுத்தர விலைக்கு 7+ ஜென் 3, 8எஸ் ஜென் 3, மீடியாடெக் கம்பெனியின் டைமென்சிட்டி 8300 ஆகியவை கேமுக்குப் போதும், போதும் என்பதற்கும் மேலே. கீழ் விலையில் ஹீலியோ ஜி99 மாதிரி சிப் சாதாரண கிராஃபிக்ஸில் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஓட்டும். ஜென்ஷின் இம்பாக்ட் மாதிரி கேமை அதில் எதிர்பார்க்கக் கூடாது.

ஒரு விஷயம் பலருக்குத் தலைகீழாகத் தெரியும். சின்ன சிப்பை முழு மூச்சில் ஓட்டுவதைவிடப் பெரிய சிப்பைப் பாதி மூச்சில் ஓட்டினால் சூடு குறைவு. வேகம் ஏற ஏற சிப்புக்குக் கொடுக்கும் வோல்டேஜும் ஏறுகிறது, அதனால் கடைசிக் கொஞ்ச வேகத்துக்குத்தான் மின்சாரம் மிக அதிகமாகச் செலவாகிறது. 90 ஃப்ரேம் தாங்கும் போனை வாங்கி, கோடையில் 60ல் பூட்டி ஆடுவது கஞ்சத்தனம் இல்லை. அசையாமல் நிற்கும் 60, 90க்கும் 50க்கும் நடுவே ஊசலாடும் ஆட்டத்தைவிடக் கைக்குப் பிடிபடும்.

பிஜிஎம்ஐயில் (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) ஃப்ரேம் ரேட் பெயர்களும் குழப்பும். ஹை என்றால் 30, அல்ட்ரா 40, எக்ஸ்ட்ரீம் 60. அதற்கு மேல் 90, 120. அல்ட்ரா என்றால் உச்சம் என்று நினைத்து 40லேயே மாதக்கணக்கில் ஆடுகிறவர்கள் உண்டு. கிராஃபிக்ஸை ஸ்மூத்தில் வைத்தால்தான் மேல் ஃப்ரேம்கள் திறக்கும். எந்த மாடலுக்கு எது திறக்கும் என்பதை கேம் கம்பெனிதான் முடிவு செய்கிறது. ஒரே சிப் உள்ள இரண்டு போன்களில் ஒன்றுக்கு 90 திறந்திருக்கும், இன்னொன்றுக்குப் பூட்டியிருக்கும். 120 ஹெர்ட்ஸ் திரை என்று பெட்டியில் போட்டிருப்பது திரையைப் பற்றிய செய்தி மட்டுமே, கேமைப் பற்றி அல்ல. ஆகவே வாங்கப்போகும் அதே மாடலின் செட்டிங்ஸ் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

திரைக்கு இரண்டு எண்கள் உண்டு. ரெஃப்ரெஷ் ரேட் என்பது படம் எத்தனை முறை மாறுகிறது: 60 ஹெர்ட்ஸில் 16.7 மில்லி நொடிக்கு ஒருமுறை, 120ல் 8.3க்கு ஒருமுறை. டச் சாம்ப்ளிங் என்பது விரலை எத்தனை முறை கவனிக்கிறது என்பது. 240 ஹெர்ட்ஸ் போதும். 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் விளம்பரம் செய்கிறார்களே, அது சில நொடி மட்டும் கிளம்பும் உச்ச எண், அதற்காகக் கூடுதல் காசு தர வேண்டாம்.

கைரோ, அதாவது போனைச் சாய்த்துக் குறி வைத்து ஆடுபவர்களுக்கு: விலை குறைந்த சில போன்களிலும் டேப்லெட்களிலும் கைரோஸ்கோப் சென்சாரே இருக்காது. இருப்பதுபோல் மற்ற சென்சார்களை வைத்து ஒப்பேற்றுவார்கள், ஆட்டத்தில் குறி மிதக்கும். சிபியூ-இசட் ஆப்பைத் திறந்து சென்சார் பக்கத்தில் கைரோஸ்கோப் வரியில் சிப் தயாரிப்பாளர் பெயர் இருக்கிறதா, ‘விர்ச்சுவல்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

வேர்வை நம் ஊரின் தனிப் பிரச்சினை. ஈர விரலைத் திரை இரண்டு இடத்தில் தொட்டதாக எடுத்துக்கொள்ளும். தடிமனான டெம்பர்டு கிளாஸ் ஒட்டியிருந்தால் இன்னும் மோசம். வெள்ளி நூல் கலந்த ஃபிங்கர் ஸ்லீவ் பத்து ஜோடியாக மலிவாகக் கிடைக்கிறது, அது போதும். கேரம் போர்டு பக்கத்திலேயே இருக்கிறதே என்று அந்தப் பவுடரை விரலில் தொட்டுக்கொள்ளும் வேலை மட்டும் வேண்டாம். ஸ்பீக்கர் வலையிலும் சார்ஜிங் ஓட்டையிலும் அது போய் வேர்வையோடு சேர்ந்து இறுகிவிடும்.

ரேம் 8 ஜிபி வாங்குங்கள். 6ல் ஓடும், ஆனால் நடுவில் ஒரு வாட்ஸ்அப் கால் பேசிவிட்டுத் திரும்பினால் கேம் முதலிலிருந்து லோடு ஆகும் வாய்ப்பு அதிகம். ‘8+8 ஜிபி’ என்று பெட்டியில் இருந்தால் இரண்டாவது 8 ரேம் அல்ல, ஸ்டோரேஜில் ஒரு மூலையை ரேம் மாதிரி நடிக்க வைப்பது. கேமுக்கு அதனால் லாபம் இல்லை. ஸ்டோரேஜ் இஎம்எம்சி என்ற பழைய, மெதுவான வகையாக இருந்தால் எடுக்காதீர்கள். அதைவிட வேகமான யூஎஃப்எஸ் வகையில் 2.2 குறைந்தபட்சம், 3.1 நல்லது. மேட்ச் தொடங்கும்போது மற்றவர்கள் இறங்கிவிட்ட பிறகும் நீங்கள் லோடிங் திரையிலேயே நிற்பதற்கு இது பெரிய காரணம். 128 ஜிபியை நிரப்பி வைத்தாலும் வேகம் குறையும், ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும்.

காலடிச் சத்தம் கேட்டு ஆடுபவர்களுக்கு ப்ளூடூத் இயர்பட்ஸ் துரோகம் செய்யும். சாதாரண ப்ளூடூத்தில் ஒலி 150 முதல் 250 மில்லி நொடி பிந்தி வரும். 200 மில்லி நொடி என்றால் 60 ஃப்ரேமில் பன்னிரண்டு ஃப்ரேம், எதிரி கதவைத் தாண்டி உள்ளே வந்துவிடுவான். கேம் மோடு உள்ள பட்ஸ் இதைக் குறைக்கும், ஒயர் ஹெட்செட்டுக்கு ஈடாகாது. 3.5 மிமீ ஜாக் உள்ள போன் கிடைத்தால் அதற்கு என் ஓட்டு உண்டு.

இப்போது டேப்லெட். சூட்டுக் கணக்கில் டேப்லெட் நேர்மையாக ஜெயிக்கிறது. சாதாரண போனின் பின்பக்கம் சுமார் 125 சதுர செமீ, 11 இன்ச் டேப்லெட்டின் பின்பக்கம் 400 சதுர செமீக்கு மேல். மூன்று மடங்குப் பரப்பு, அதிலும் பல மாடல்களில் அலுமினிய முதுகு. அதே சிப் டேப்லெட்டில் உட்கார்ந்தால் நீண்ட நேரம் நிற்கும். திரையின் வடிவமும் ஒரு லாபம். திரை 4:3 விகிதத்தில் இருக்கும் ஐபேட் மாடல்களில் (எல்லா ஐபேடும் அப்படி இல்லை) மேலும் கீழும் கூடுதலாகத் தெரியும், ‘ஐபேட் வியூ’ என்று பசங்க ஏங்குவது இதற்குத்தான். 16:10 விகித ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் அந்த லாபம் குறைவு. 7:5, 3:2 விகிதத்தில் வரும் ஒன்பிளஸ் பேட், ஷாவ்மி பேட் 7 போன்றவை நடுவில் நிற்கும்.

எடை மட்டும் ஒத்துவர வேண்டும். ஐபேட் மினி சுமார் 293 கிராம், சாதாரண ஐபேட் 477 கிராம். நான்கு விரல் கிளா பிடியில் 477 கிராமை ஒரு மணி நேரம் தூக்கிக்கொண்டு கைரோவும் ஆட்டினால் மணிக்கட்டு காட்டிக்கொடுத்துவிடும். கைரோ ஆடுபவருக்கு 8 இன்ச், விரலால் மட்டும் ஆடுபவருக்குப் பலகைமேல் சாய்த்து வைத்த 11 இன்ச் என்பது என் கணக்கு. சாதாரண ஐபேடிலும் மினியிலும் திரை 60 ஹெர்ட்ஸ்தான், 90 ஃப்ரேம் ஆசை அங்கே செல்லாது. ஐபேடில் அதிர்வு மோட்டார் கிடையாது என்பதும் போனிலிருந்து மாறுபவருக்கு முதல் வாரம் விசித்திரமாக இருக்கும். வைஃபை மட்டும் உள்ள டேப்லெட்டை வாங்கிவிட்டுப் போன் ஹாட்ஸ்பாட்டில் ஆடுவது தினசரித் தொல்லை: போனும் சூடாகும், பிங்கும் ஏறும். வீட்டில் பிராட்பேண்ட் இல்லையென்றால் சிம் போடும் மாடலாகப் பாருங்கள்.

சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடுவதுதான் பேட்டரியைக் கொல்லும் முதல் பழக்கம். 5,000 எம்ஏஎச் பேட்டரியில் சுமார் 19 வாட் மணி நேரம் இருக்கிறது. கனமான கேம் 5 வாட் இழுத்தால் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு உட்காரலுக்கு இது போதாதா? போதாது என்றால் பைபாஸ் சார்ஜிங் உள்ள போனைத் தேடுங்கள். மின்சாரம் பேட்டரிக்குப் போகாமல் நேராக போனை ஓட்டும். சாம்சங்கில் இது கேம் பூஸ்டருக்குள் ‘பாஸ் யூஎஸ்பி பவர் டெலிவரி’ (Pause USB Power Delivery) என்ற பெயரில் இருக்கும். பிடி (பவர் டெலிவரி) வகை சார்ஜர் வேண்டும், பேட்டரி 20 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தத் தேர்வு வேலை செய்யாது. டூப்ளிகேட் சார்ஜரில் போட்டு ஆடும்போது திரை தானாகத் தொடுவதும் குறி தாவுவதும் நடக்கும். அது போனின் கோளாறு இல்லை. சார்ஜரில் இருந்து வரும் மின் இரைச்சல் டச் பேனலைக் குழப்புகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் சரியாகிவிட்டால் குற்றவாளி தெரிந்துவிட்டது.

கூலர் பற்றி ஒன்று. முதுகில் கிளிப் மாட்டும் கூலரில் இரண்டு வகை: வெறும் ஃபேன், பெல்டியர் தகடு. பெல்டியர் தகடு மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்வது, கையில் ஐஸ் மாதிரி இருக்கும், வீடியோவில் அழகாகப் பனி படியும். அந்தப் பனிதான் சிக்கல். 33 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில் 27 டிகிரிக்குக் கீழே போகும் எந்தப் பரப்பிலும் தண்ணீர் துளிர்க்கும். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் இது சாதாரண மாலை நேரம்தான். தகடு 27க்கு வெகு கீழே போகிறது. துளி போனுக்கு வெளியே இருந்தால் துடைக்கலாம், பின்பக்கத்துக்கு உட்புறம் துளிர்த்தால் துடைக்க முடியாது. ஏசி அறை இல்லாதவர்கள் வெறும் ஃபேன் கூலரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால் காசில்லாத வைத்தியம்: ரப்பர் பேக் கேஸைக் கழற்றுங்கள், மெத்தை மேலும் தலையணை மேலும் வைத்து ஆடாதீர்கள், ஃபேன் காற்று போனின் முதுகில் படும்படி உட்காருங்கள். நகரும் காற்று நிற்கும் காற்றைவிட எவ்வளவோ சூட்டை இழுத்துக்கொண்டு போகும்.

வைஃபை விஷயம் சுருக்கமாக. நெருக்கமான தெருக்களில் 2.4 கிகாஹெர்ட்ஸில் பக்கத்து வீடுகளின் ரூட்டர்கள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று கத்தும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், ரூட்டர் இருக்கும் அறையிலேயே ஆடுங்கள். பழைய வீட்டின் தடிச் சுவர் ஒன்றைத் தாண்டினாலே அது இளைத்துவிடும். பிங் பார்க்கும் ஆப்பில் ரூட்டரின் முகவரியையே பிங் செய்து பாருங்கள். அங்கேயே 10 மில்லி நொடியைத் தாண்டி ஏறி இறங்கினால் கோளாறு உங்கள் வீட்டுக்குள்தான். மொபைல் நெட்டில் ஆடுபவர்கள் போனில் என்78, என்28 இரண்டு 5ஜி பேண்டுகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஜியோ சிம் என்றால் 700 மெகாஹெர்ட்ஸ் என்28 வீட்டுக்குள் நன்றாக எட்டும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவது தப்பே இல்லை. இரண்டு வருஷப் பழைய உயர்ரகச் சிப் இன்றைய புது நடுத்தரத்தை அடிக்கும். டி.எச். ரோடு கடையோ, பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரோ, ரிச்சி ஸ்ட்ரீட்டோ, எங்கே வாங்கினாலும் வரிசையாகச் சில வேலைகள். *#06# அடித்து போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எடுங்கள். கே-ஒய்-எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஒரு இடைவெளி, அந்த 15 இலக்க எண், இதை 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பதில் வரும். பழைய ஆளின் கூகுள் கணக்கோ ஆப்பிள் ஐடியோ உள்ளே இருந்தால் அவர் கண் முன்னாலேயே எடுக்கச் சொல்லுங்கள், ‘வீட்டுக்குப் போய் எடுத்துத் தரேன்’ என்றால் காசும் வீட்டுக்குப் போன பிறகுதான். அமெரிக்காவிலிருந்து வந்த ஐபோன் 14ம் அதற்குப் பிந்தியதும் சிம் போடும் தட்டு இல்லாமல் வரும், இசிம் மட்டும். சீனாவிலிருந்து வந்த ஆண்ட்ராய்டில் ப்ளே ஸ்டோர் இல்லாமல் இருக்கலாம், ஜியோவில் கால் போகாமலும் இருக்கலாம். உங்கள் சிம்மையே போட்டு ஒரு கால் பேசிப் பாருங்கள்.

திரை மாற்றப்பட்டதா என்பதைக் கேமர் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். அமோலெட் போனில் மலிவு எல்சிடி மாட்டியிருந்தால் திரைக்குள் இருக்கும் கைரேகை சென்சார் வேலை செய்யாது, ரெஃப்ரெஷ் ரேட் 60லேயே நிற்கும். செட்டிங்ஸில் 120 என்று காட்டினாலும் நம்பாமல், டெவலப்பர் ஆப்ஷனில் ‘ஷோ ரெஃப்ரெஷ் ரேட்’டை ஆன் செய்து விரலால் வேகமாகத் தள்ளிப் பாருங்கள். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து பச்சைக் கோடு, விசைப்பலகையின் நிழல் படிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கடைசியாக சார்ஜிங் ஓட்டைக்குள் டார்ச் அடியுங்கள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் இருந்த போன் என்றால் உப்புக் காற்று உள்ளே பச்சையாகப் படிந்திருக்கும். தண்ணீர் புகாது என்ற ஐபி ரேட்டிங் நல்ல தண்ணீருக்குக் கொடுத்தது, உப்புக்கு இல்லை. ஒயரைச் செருகி லேசாக ஆட்டும்போது சார்ஜ் விட்டு விட்டு ஏறினால், போர்டோடு ஓட்டையை மாற்றும் செலவைக் கேட்டு விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.